கூமாப்பட்டி ஓடையில தங்கம் அரிக்கலாமா? ரீல்ஸ் பார்த்துட்டு தட்டோடு கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஒரு வட்டத் தட்டு. அதுல ரெண்டு கை ஆற்று மணல். தண்ணீருக்குள் அமுக்கி, அப்படியும் இப்படியுமாக சுழற்றினால், கடைசியில் தட்டின் ஓரத்தில் நாலு பொட்டு மஞ்சள் மின்னுகிறது. வீடியோ அங்கேயே முடிகிறது. லைக்ஸ் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் 'கோல்டு பேனிங்' என்று தேடினால் இப்படி ஆயிரக்கணக்கான வீடியோக்கள் வந்து விழும். பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா. டூர் போன இடத்தில் குடும்பத்தோடு ஓடையில் இறங்கி தங்கம் தேடுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. பார்க்கும் நம்ம ஆட்களுக்கு அடுத்து வரும் கேள்வி ஒண்ணுதான்: "நம்ம ஊரு மலையடிவாரத்துலயும் ஓடை இருக்கே, ட்ரை பண்ணா என்ன?"

தங்கம் விற்கும் விலைக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2025 ஜனவரி தொடக்கத்தில் சவரன் 57 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 97 ஆயிரத்தைத் தாண்டியது.

சரி, இது சாத்தியமா? சட்டம் அனுமதிக்குதா? என்ன ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கூமாப்பட்டி ஏன் இந்தக் கதைக்குள்ள வருது?

விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கும் ஊர் கூமாப்பட்டி. தென்னந்தோப்பு, நெல் வயல், பக்கத்திலேயே பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள். 2025 ஜூன் மாதம் வரை வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது.

அப்புறம் ஒரு ரீல்ஸ் வந்தது. "ஏங்க..." என்று ஆரம்பித்து ஊருக்கு வரச் சொல்லி அழைத்த அந்த வீடியோ தமிழ்நாடு முழுக்க வைரலாச்சு. குளிக்கலாம், ஆட்டம் போடலாம் என்று நம்பி கார், பைக்கில் கூட்டம் கிளம்பியது. வந்தவர்களில் பலர் அணையில் குளிக்க அனுமதி இல்லை என்பதை நேரில் வந்துதான் தெரிந்துகொண்டார்கள். அதன் பிறகு பிளவக்கல் அணைப் பூங்காவை மேம்படுத்த அரசு ரூ.10 கோடி ஒதுக்கியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ஒரு மலையடிவார ஊருக்கு சில நாட்களில் கூட்டத்தைக் கொண்டுவர ஒரே ஒரு ரீல்ஸ் போதும் என்பது. அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்ற விவரம் மட்டும் அந்த ரீல்ஸோடு சேர்ந்து வருவதில்லை. 'ஓடையில் தங்கம்' மாதிரி ஒரு தலைப்பு இப்படிப்பட்ட ஊரின் பெயரோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த அனுபவத்தை வைத்தே யோசிக்கலாம்.

தங்கம் அரிக்கிறது எப்படி நடக்குது?

இந்த வித்தை நமக்குப் புதுசு கிடையாது. ரேஷன் அரிசியில் கல் கிடந்த காலத்தில் வீட்டில் பெரியவர்கள் அரிசியை 'அரிப்பதை' பலர் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு லேசாக ஆட்டி ஆட்டிச் சாய்த்தால், அரிசி மட்டும் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கனமான கல் அடியிலேயே தங்கிவிடும். இதற்கென்றே உட்புறம் வரிவரியாக இருக்கும் அரிக்கன்சட்டியும் இருந்தது.

தங்கம் அரிக்கும் தட்டிலும் அதே வரிகள், அதே கை அசைவு. ஒரே வித்தியாசம்: அரிசியில் அடியில் தங்குவதைத் தூக்கிப் போடுவோம், இங்கே அடியில் தங்குவதுதான் வேண்டும்.

காரணம் எடை. ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் சுமார் 19.3 கிராம். அதே அளவு சாதாரண மணல் சுமார் 2.65 கிராம்தான். அதாவது தங்கம் மணலைவிட 7 மடங்கு கனம். மழையில் மலைப்பாறை அரிக்கப்படும்போது அதில் தங்கம் இருந்தால், அது துகள்களாக ஆற்றுக்கு வரும். தண்ணீர் வேகம் குறையும் இடங்களில், ஆறு வளையும் உள்பக்கம், பெரிய பாறைகளின் பின்புறம், படுகைப் பாறையின் விரிசல்களில் அது படியும்.

இங்கே முக்கியமான வார்த்தை 'இருந்தால்' என்பதுதான். மலைப்பாறையில் தங்கம் இல்லை என்றால் ஓடையிலும் வராது. விருதுநகர் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்த கனிமம் சுண்ணாம்புக்கல். தமிழ்நாட்டில் தங்கத்துக்காகப் பேசப்படும் மலை கூடலூர், பந்தலூர் பக்கம், நீலகிரியில் இருக்கிறது.

அப்போ மணல்ல மின்னுறது என்ன?

ஓடை மணலில் மின்னும் தகடுகளை எல்லா ஊரிலும் குழந்தைகள் பொறுக்கி விளையாடுவார்கள். தமிழில் அதற்கு அழகான பெயரே இருக்கு: காக்காப்பொன். அதாவது மைக்கா.

வித்தியாசம் கண்டுபிடிக்க பெரிய ஆய்வகம் வேண்டாம். காக்காப்பொன் லேசானது, தண்ணீரை அசைத்தாலே மிதந்து அலையும். வெயிலில் ஒரு கோணத்தில் மின்னும், திருப்பினால் மங்கிவிடும். நகத்தால் கீறினால் மெல்லிய ஏடாகப் பிரியும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளில் தெரியும், அசைத்தாலும் இடத்தைவிட்டு லேசில் நகராது. இன்னொரு ஏமாற்றுக்காரர் இரும்புப் பைரைட். பார்க்க பித்தளை மாதிரி இருக்கும், தட்டினால் நொறுங்கும். தங்கமோ தட்டத் தட்ட விரியும்.

சரி, உண்மையிலேயே தங்கம் கிடைத்தால் எவ்வளவு தேறும்? ஒரு துகள் 1 மில்லிகிராம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு சவரன் சேர்க்க 8,000 துகள் வேண்டும். சவரன் 97,600 ரூபாய் என்று கணக்குப் போட்டால் ஒரு துகளின் மதிப்பு சுமார் 12 ரூபாய். ஒரு டீ காசு.

கூடலூர்: லண்டன் வரை போன தங்க ஆசை

தமிழ்நாட்டில் தங்கத்தை நம்பிக் கூட்டம் கிளம்பிய கதை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கு. கூடலூர், தேவாலா, பந்தலூர் பகுதி மலைவாழ் மக்கள் ஓடை மணலில் தங்கம் அரித்ததை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் கவனித்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறையில் இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் 1879-80இல் வரவழைக்கப்பட்டு ஆய்வு செய்தார். அவரது அறிக்கை நம்பிக்கை கொடுத்தது.

அவ்வளவுதான், லண்டன் பங்குச் சந்தையில் அடுத்தடுத்து கம்பெனிகள் முளைத்தன. பல லட்சம் பவுண்டு கொட்டப்பட்டது. காட்டுக்குள் இயந்திரங்கள் வந்தன. ஆனால் பாறையை உடைத்துப் பார்த்தபோது, சொன்ன அளவுக்குத் தங்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கம்பெனிகள் மூடப்பட்டன. மலைச்சரிவில் சுரங்கக் குழிகள்தான் மிச்சம்.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பதுதான் சோகம். தேவாலா, பந்தலூர் பக்கம் கைவிடப்பட்ட குழிகளில் சட்டவிரோதமாகத் தங்கம் தேடுவதும், மண் சரிந்து ஆட்கள் சிக்குவதும், அதிகாரிகள் குழிகளை மூடுவதும் இந்த நூற்றாண்டிலும் செய்தியாகி வருகிறது.

பொழுதுபோக்கா? பிழைப்பா?

கூடலூரின் மறுபக்கம், கேரளாவின் நிலம்பூரில் சாலியாறு ஓடுகிறது. அங்கே மரத்தைக் குடைந்து செய்த தட்டில் தங்கம் அரிக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு. ஜார்க்கண்டில் ஓடும் ஆற்றின் பெயரே சுவர்ணரேகா, அதாவது பொன்கோடு. அங்கேயும் நாள் முழுக்க முதுகு வளைய மணல் அரித்தால் சில துகள்கள் கிடைக்கும். விவசாய வேலை இல்லாத நாட்களில் செய்யும் வேலை அது. அதை விடுமுறைக் கொண்டாட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்நாட்டிலேயே இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். கோவையில் தங்கநகைப் பட்டறைகள் நிறைந்த தெருக்களில் சாக்கடை மண்ணையும் குப்பைத் தூசியையும் அள்ளி, அலசி, அதில் ஒட்டியிருக்கும் தங்கத்தைப் பிரித்து விற்று வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஓடையில் அரிப்பதைவிட அங்கே தங்கம் இருப்பது நிச்சயம். ஆனால் கை வைக்க வேண்டியது சாக்கடையில்!

இந்த வேலையில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து பாதரசம். நுண்ணிய தங்கத் துகள்களைத் திரட்ட பாதரசம் சேர்த்து, பிறகு சூடாக்கி ஆவியாக்குவார்கள். அந்த ஆவி நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். தண்ணீரில் கலந்தால் மீன் வழியாக மனிதருக்கே திரும்பி வரும். உலக அளவில் மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் அதிகப் பங்கு சிறு அளவிலான தங்கம் எடுப்பிலிருந்துதான் வருகிறது. இதைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது.

சட்டம் என்ன சொல்லுது?

"நம்ம ஊரு ஓடை, நம்ம மண்ணு. ரெண்டு கை அள்ளினா என்ன தப்பு?" இதுதான் இயல்பாக வரும் கேள்வி. பதில் கொஞ்சம் கறாரானது.

தங்கம் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டப்படி ஒரு கனிமத்தை எடுக்கும் நோக்கில் செய்யும் எந்த வேலையும் 'சுரங்கப் பணி'. கனிமம் இருக்கிறதா என்று தேடுவதற்கும் தனி உரிமம் வேண்டும். ஜேசிபியா, சோற்றுத் தட்டா என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. நோக்கத்தைத்தான் பார்க்கிறது. 'சும்மா டூர் வந்த இடத்துல ட்ரை பண்ணேன்' என்பதற்கு இந்தியச் சட்டத்தில் தனி உரிமமோ, விலக்கோ கிடையாது.

உரிமம் இல்லாமல் செய்தால் 2015 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை: 5 ஆண்டுகள் வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பயன்படுத்திய கருவியையும் வாகனத்தையும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. ஒரு தட்டு மணலுக்காக யாரும் 5 வருஷம் உள்ளே போகப் போவதில்லை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அதை வீடியோ எடுத்து, இடத்தையும் குறிப்பிட்டு, தங்கம் எடுத்தேன் என்று தலைப்பும் வைத்துப் போடுபவர், நோக்கத்துக்கான சாட்சியைத் தானே பதிவேற்றுகிறார். அந்த ரீல்ஸைப் பார்த்து நூறு பேர் வந்தால், முதல் கேள்வி போட்டவரிடம்தான் கேட்கப்படும்.

சொந்தப் பட்டா நிலம் என்றால்? கேரளாவின் மலபார் பகுதி நிலங்கள் குறித்த வழக்கில், நிலத்தடிக் கனிமம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆனால் சொந்தம் என்பது வேறு, எடுக்கும் அனுமதி என்பது வேறு. எடுப்பதற்கு உரிமம் கட்டாயம்.

பலர் இதை புதையலோடு குழப்பிக்கொள்கிறார்கள். யாரோ ஒரு காலத்தில் மண்ணில் மறைத்துவைத்த பழங்காசு, நகை கிடைத்தால் அது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தில் வரும், அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். இயற்கையாகக் கிடைக்கும் தங்கத் துகள் கனிமச் சட்டத்தில் வரும். ரெண்டிலும் 'கண்டெடுத்தவருக்கே சொந்தம்' என்ற விதி கிடையாது.

மலைப் பக்கம் போனால் இன்னொரு பூட்டு

கூமாப்பட்டிக்கு மேலே தெரியும் மலை சாதாரணக் காடு இல்லை. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் 5ஆவது, இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகம். அதற்கு முன்பே சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு.

சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தமிழ்நாடு வனச் சட்டத்தில் மரம், தேன் மாதிரியே காட்டின் மேல்மண்ணும் கனிமமும் 'வனப்பொருள்' பட்டியலில் இருக்கு. அதாவது காட்டு ஓடையில் தங்கம் கிடைக்காமல் வெறும் மணலோடு திரும்பினாலும் பிரச்சனைதான்.

சட்டத்தை விடுங்க, தண்ணீர் சும்மா விடாது

இந்தப் பக்கத்து ஓடைகளின் குணம் தெரியாதவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. மலை செங்குத்து, ஓடை குறுகல். மேலே அரை மணி நேரம் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் சிக்கி பக்தர்கள் உயிரிழந்தது இதே மலையில்தான். வத்திராயிருப்பு பக்கம் தாணிப்பாறை வழியாக மலையேறும் பக்தர்களை மழை நாட்களில் வனத்துறை தடுத்து நிறுத்துவதும் அதனால்தான்.

தங்கம் அரிப்பவர் எப்படி நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஓடையின் நடுவில், குனிந்த தலை, கண் முழுக்கத் தட்டில், காதில் தண்ணீர் சத்தம். வெள்ளம் வரும் அறிகுறிகள் மூன்று: தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்குவது, சருகும் குச்சியும் அடித்துவருவது, மேலிருந்து வரும் இரைச்சல். இந்த மூன்றையும் கவனிக்கவே முடியாத நிலையில் நிற்பது அந்த ஒருவர்தான்.

கீழே இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த ஓடைகள் அணைகளுக்கும் கண்மாய்களுக்கும் போய், வத்திராயிருப்பு சுற்றுவட்டார நெல்லுக்கும் தென்னைக்கும் பாய்கின்றன. ஒருவர் ஒரு தட்டு மண் தோண்டினால் ஓடைக்குத் தெரியாது. ஒரு ரீல்ஸ் பார்த்து வரும் ஆயிரம் பேர் தோண்டினால் கரை சரியும், தண்ணீர் கலங்கும், வாய்க்காலில் வண்டல் சேரும். லைக்ஸ் ஒருவருக்கு, வாய்க்கால் தூர்வாரும் செலவு ஊருக்கு.

வெளிநாட்டுல மட்டும் எப்படி முடியுது?

அங்கேயும் கண்ட இடத்தில் இறங்க முடியாது. நியூசிலாந்தில் தென் தீவில் பொதுமக்கள் தங்கம் தேடுவதற்கென்றே சில ஆற்றுப் பகுதிகளை அரசு ஒதுக்கியிருக்கிறது. கைக்கருவி மட்டும்தான், மோட்டார் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சிறு கட்டணம் கட்டி 'மைனர்ஸ் ரைட்' வாங்கினால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கிடைப்பது எடுத்தவருக்கே. ஆனால் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தடை.

மூன்றாவது வழிதான் சுவாரஸ்யம். மெல்போர்னில் வசிக்கும் தமிழர்கள் ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் கூட்டிப்போகும் இடங்களில் ஒன்று பல்லாரட்டில் உள்ள சவரின் ஹில். 1850களின் தங்க வேட்டைக் கால ஊரை அப்படியே மறுபடி கட்டியிருக்கிறார்கள். அங்கே ஓடும் ஓடையில் நிர்வாகமே தங்கத் துகள்களைக் கலந்து விடுகிறது. குழந்தைகள் அரித்து எடுத்து, சின்னக் குப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஜப்பானின் சாடோ தீவிலும் பழைய தங்கச் சுரங்கப் பகுதியில் தொட்டி வைத்து இதேபோல் நடத்துகிறார்கள். ஆற்றுக்கும் சேதமில்லை, சட்டச் சிக்கலும் இல்லை. கிடைப்பது சில ரூபாய்த் தங்கம், ஆனால் மக்கள் காசு கொடுப்பது அந்த அரை மணி நேர அனுபவத்துக்கு.

அப்போ கூமாப்பட்டிக்கு வர்றவங்க என்ன பண்ணலாம்?

பூங்கா மேம்பாடு பற்றிப் பேசும் இந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதும் இதுதான். வெளியூர்க்காரர்கள் வருவது தண்ணீரில் கால் நனைக்க. அதற்கு ஒழுங்கான, பாதுகாப்பான இடம் கொடுக்காவிட்டால் அவர்கள் தடை செய்யப்பட்ட இடத்தைத் தேடிப் போவார்கள். குழந்தைகளுக்கு ஒரு மணல் தொட்டி, ஓடும் தண்ணீர், பக்கத்தில் ஒரு அரிக்கன்சட்டி. அதில் தங்கம்கூட வேண்டாம், இரும்புத் துகளும் காக்காப்பொன்னும் போதும். எது கனம், எது ஏமாற்று என்று கையாலேயே கற்றுக்கொள்ளலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஊர் இளைஞர்கள் நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும். பெரிய செலவில்லாத யோசனை இது.

அதுவரை, கிளம்புவதற்கு முன் இவற்றை மனதில் வைங்க:

* ஓடையில் தங்கம் அரிக்க இந்தியாவில் சுற்றுலா உரிமம் எதுவும் இல்லை. 'நாங்க பெர்மிஷன் வாங்கித் தர்றோம்' என்று யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம்.

* அணையில் குளிக்க, காட்டுக்குள் போக அன்றைய நிலவரத்தை வனத்துறை, நீர்வளத்துறை ஊழியர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்க. பழைய ரீல்ஸ் அனுமதிச் சீட்டு ஆகாது.

* மலை மேல் மேகம் கருத்தாலோ, தண்ணீர் கலங்கினாலோ செருப்பு, போன் எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதல் கவனம் தேவை. கோடை மழையிலும் வெள்ளம் வரும் என்பதற்கு 2015 சாட்சி.

* மின்னும் மணலைக் கண்டால் குழந்தையிடம் காக்காப்பொன்னைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுங்க. கொண்டு போக வேண்டாம்.

* தட்டு வைத்து அரித்துப் பார்க்க ஆசை தீரவில்லையா? வீட்டில் ஒரு வாளித் தண்ணீரும், ஒரு தட்டு மணலும், கொஞ்சம் இரும்புத் தூளும் போதும்.

ஊருக்குத் திரும்பும்போது கையில் ஏதாவது இருக்கணும் என்றால், போகும் வழியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதுக்கு உரிமம் தேவையில்லை, கால் கிலோ கேட்டாலே போதும்!